லட்சுமிக்கு இரண்டு வீடு

கார்த்திகை தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குதிரைகளும் வரும். பல்லைப் பார்த்து வயதைக் கணித்து, பேரம் பேசி ஓட்டிப் போவார்கள். மட்டக்குதிரை முப்பது வயதைத் தாண்டியும் இருக்கக்கூடும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு உறைக்கிறது?

கிழக்குதிரைக்குப் பல் தேய்ந்துபோகும். புல்லை மென்று மென்று உருண்டையாகத் துப்பும். தீவனத்தை ஊறவைத்துக் கூழாகத்தான் கொடுக்க வேண்டும். பாவம் பார்த்து ஒரு பிடி கூட்டினால் மட்டக்குதிரைக்குச் சட்டென்று சதை போடும், குளம்புக்குள் வீக்கம் கண்டு நொண்டும். "ரெண்டு நாள் பாத்துக்குங்க, ஒரு தொந்தரவும் தராது" என்று அடுத்த வீட்டில் கட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர் இதையெல்லாம் சொல்வதில்லை.

இப்படி அடுத்தவர் பொறுப்பில் விடப்பட்ட பிராணி என்றால் திருவண்ணாமலையில் பெயர்பெற்றது லட்சுமி என்ற பசு. 1926-இல் அருணாசலம் பிள்ளை என்பவர் தாய்ப்பசுவையும் கன்றையும் ரமண மகரிஷியின் ஆசிரமத்துக்கு ஓட்டிவந்தார். யார் பார்த்துக்கொள்வது என்று ரமணர் கேட்டுப் பார்த்தார், பிள்ளை மசியவில்லை. கடைசியில் இரண்டும் ஊருக்குள் ஓர் அன்பரின் வீட்டுக்குப் போயின. கன்று லட்சுமி தினமும் தானாகவே நடந்து ஆசிரமம் வந்துவிடும், சாயங்காலம் வீடு திரும்பும். பழமும் தடவலும் இங்கே. சாணி அள்ளுவது அங்கே.

பிறகு ஆசிரமத்துக்கே நிரந்தரமாக வந்துசேர்ந்த லட்சுமி, 1948 ஜூன் 18 அன்று இறந்தது. காகம், நாய், மான் சமாதிகளுக்குப் பக்கத்தில் அதற்கும் சமாதி. முக்தி பெற்றதாக ரமணர் பாடலே எழுதினார். தொழுவம் கழுவியவர்களின் கதியைப் பற்றி அதில் பேச்சில்லை.