பவுசர் ஆராய்ச்சி: கண்டி வட்டாரப் பழைய பெற்றோல் பம்புகள் பற்றிய முன்னுரைக்கு ஒரு முன்னுரை

அண்மையில் ஒரு கருத்தரங்கில், 'வீதி' என்றால் என்ன என்று வரையறுக்கவே ஒருவருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. தேநீர் ஆறிப்போனது. அந்த எரிச்சலில் பிறந்தது இவ்வாய்வு.

ஆய்வெல்லை: மேற்கே கடுகண்ணாவைக் கணவாய், வடக்கே கட்டுகஸ்தோட்டைப் பாலம், மற்றத் திசைகளில் என் மோட்டார் சைக்கிளில் பெற்றோல் தீரும் இடம். கிரிபத்கும்புரவில் பழைய ரோட் ரோலர்களுக்கு அருங்காட்சியகம் உண்டு. பம்புகளுக்கு இந்தக் கட்டுரைதான்.

பழைய பம்பு நால்வகைப்படும்.

ஒன்று, கண்ணாடிப் பம்பு. கைப்பிடியை நெம்ப நெம்ப, பெற்றோல் உச்சியிலுள்ள கண்ணாடிக் குடுவைக்கு ஏறும். கலன் கோட்டைத் தொட்டதும் குழாயைத் திறந்துவிட்டால், தன் பாரத்திலேயே வண்டிக்குள் இறங்கும். அளவையும் நிறத்தையும் வாங்குபவர் கண்ணாலே பார்க்கலாம். அதாவது விற்பவரை ஒருவரும் நம்பாத காலத்துக் கருவி. இரண்டு, மணிக்கூட்டுப் பம்பு: குடுவை போய் முள் வந்தது. மூன்று, உருள் எண் பம்பு. 1930களில் வந்தது. ஒரு வரிசையில் கலன் உருளும், மறு வரிசையில் காசு உருளும். அன்றோடு மனிதன் பெற்றோலைப் பார்ப்பதை விட்டான். நான்கு, டிஜிட்டல். இது பழையதல்ல, ஆனால் நால்வகை என்று எழுதிவிட்டோம், ஆய்வாளர் பின்வாங்குவதில்லை.

தலை பற்றி ஒரு வரி: ஷெல் பம்புகளின் உச்சியில் சிப்பி வடிவ வெள்ளை விளக்கு இருந்தது; 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்து, மறு ஆண்டு வெளிநாட்டுக் கம்பனிகளின் சொத்துகள் சுவீகரிக்கப்படத் தொடங்கின, 1963இல் அமெரிக்கா கோபித்து உதவியை நிறுத்தியது, சிப்பிக்கும் வேலை போயிற்று.

இனி உயிர்நாடியான கேள்வி. எண்ணெய் கொண்டுவரும் லொறியை நாம் ஏன் 'பவுசர்' என்கிறோம்?

மேலைப் பள்ளியினர் சொல்வது: 1885இல் அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் சில்வேனஸ் பவுசர் என்பவர் ஒரு மளிகைக்கடைக்கு மண்ணெண்ணெய்ப் பம்பு செய்து விற்றார். அவர் பெயர் ஆஸ்திரேலியாவில் பம்புக்கே பெயராயிற்று. இலங்கையிலோ பம்பை விட்டு லொறியில் ஏறிக்கொண்டது. இக்கூற்றில் ஒரே குறை, இது உண்மை என்பதே. உண்மையை வைத்துக்கொண்டு கலாநிதிப் பட்டம் வாங்க முடியாது.

கீழைப் பள்ளியின் முடிபு வேறு. பவுசு என்பது பகட்டு ("காசில்லாட்டியும் அவன்ட பவுசப் பாரு": என் பெரியம்மா, அடுப்படி, வாய்மொழி, பதிப்பாண்டு இல்லை). அர் என்பது பலர்பால் விகுதி, மரியாதைக்கும் வரும். உயிர் வந்தால் குற்றியலுகரம் கெடும். ஆகவே பவுசு + அர் = பவுசர், பவுசோடு வருபவர். இதை மறுப்போர் 'செட்' என்ற சொல்லுக்கும் விளக்கம் தரட்டும். கூரையே இல்லாத இடத்தையும் பெற்றோல் செட் என்கிறோமே.

களச் சான்று 2022. அவ்வாண்டில் எல்லாப் பம்புகளும் ஐந்தாம் வகையாயின: உள்ளே ஒன்றுமில்லாதவை. கெட்டம்பேப் பக்கம் நீண்ட வரிசையில் நானும் நின்றேன். "அண்ணே, பவுசர் பேராதனை தாண்டிட்டாராம்" என்றார் முன்னாலிருந்த ஓட்டோக்காரர் (நேர்காணல், இரவு 2 மணி, திருத்திய பதிப்பு, "இன்னும் வெளிக்கிடவே இல்லையாம்", காலை 5 மணி, இரண்டாம் பதிப்பின் மீது பின்னாலிருந்த வேன்காரரின் மறுப்புரை, அச்சேற்ற முடியாதது). அஃறிணை லொறிக்கு அவர் 'தாண்டிட்டார்' என்று உயர்திணை வினை கொடுத்ததைக் கவனிக்க.

காலையில் பவுசர் வந்தது. முன்னே பொலிஸ் மோட்டார் சைக்கிள், நடுவே பவுசர், பின்னே ஜீப். பெரஹராவில் யானை வருவதுபோல மெல்ல வளைந்து உள்ளே திரும்பியது. நடைபாதையில் அட்டை விரித்துப் படுத்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

விகுதி மரியாதை விகுதிதான் என்று கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வரிசை நகர, வேன்காரர் எனக்கு முன்னே போய்விட்டார்.