ஸ்பேனரோடு காத்து வாங்கப் போனவன்

வாடா பேராண்டி, உக்காரு. காலையிலருந்து மூணு தடவ கரைப்பக்கம் போயிட்டு வந்தியாமே? காத்து வாங்கப் போனேங்கிற. சரி, காத்து வாங்க ஸ்பேனர் எதுக்கு?

ஆளில்லாத வள்ளம் ஒண்ணு ஒதுங்கிக் கெடக்குன்னு ஊருக்கே தெரியும். என் பேச்சக் கேளு, யாருகிட்டயும் மூச்சு விடாத. 1093-ஐ அமுக்கினா மரைன் போலீஸ் வந்துரும், 1554-ஐ அமுக்கினா கோஸ்ட் கார்டு வந்துரும். ரெண்டுக்கும் காசு கிடையாது வேற. காசில்லாத காரியம் செஞ்சா நமக்கென்ன மதிப்பு? நீ பாட்டுக்கு எஞ்சினக் கழட்டு. நம்பரச் சுரண்டு. சுரண்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிரு. டிஎன், 10-ன்னு இருந்தா நம்ம ராமநாதபுரம் சீமைப் படகுடா. உன் மாமன் மச்சான் எவனாவது அதத் தேடிக்கிட்டு இருப்பான். கல்யாண வீட்டுல அவன் பக்கத்துலயே உக்காந்து பாயாசம் குடிக்கலாம்.

உள்ள தூக்குவாளி கெடக்காமே, தெறந்து பாத்தியா? சோறு புளிக்காம இருந்தா அத வடிச்சவன் நேத்து வரைக்கும் அந்த வள்ளத்துல இருந்திருக்கான். இப்ப எங்க இருக்கான்? நீந்திக்கிட்டிருந்தாலும் இருப்பான். நீ நட்டக் கழட்டி முடிக்கிற வரைக்கும் நீந்துவானான்னுதான் தெரியல.

மூட்டை கீட்டை இருந்தா இன்னும் யோகம். கடலட்டையா கஞ்சாவான்னு நீ பிரிச்சுப் பாக்குறதுக்குள்ள ஜீப்பே வந்துரும். செலவில்லாம மதுரை வரைக்கும் போயிட்டு வரலாம். 2022 ஆகஸ்ட் 18, மகாராஷ்டிரத்துல ராய்கட் பக்கம் ஹரிஹரேஷ்வர் கரையில ஒரு படகு ஒதுங்குச்சு. உள்ள மூணு ஏகே-47. 2008-ல குபேர் படகுல வந்து மும்பையில சுட்டவங்கள மறக்காத ஊருல்ல, மும்பை வரைக்கும் தூக்கம் போச்சு. விசாரிச்சா, ஜூன் மாசமே ஓமன் பக்கம் எஞ்சின் பழுதாகி, ஆளுகளக் காப்பாத்திட்டு விட்டுட்டுப் போன படகாம். அத்தன தூரம் ஒத்தையில மெதந்து வந்திருக்கு. அங்க உன்ன மாதிரி ஒருத்தன் ஸ்பேனரோட போயிருந்தான்னு வையி, ஓமன்லருந்து அவன்தான் ஓட்டிட்டு வந்தான்னு எழுதியிருப்பாக.

என்னடா எந்திரிச்சிட்ட? போன்ல சார்ஜ் இருக்கா? எந்த எடம், எத்தன மணி, என்ன நம்பர், அத மட்டும் சொல்லு. வள்ளத்துல கை வைக்காத.

ஸ்பேனர வச்சிட்டுப் போ. நாலு நாளா அதத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.