மல்லிக்கு ட்ரம் எதுக்கு மாப்ளே?

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாளு டிக்கியைக் கயித்தால இழுத்துக் கட்டிக்கிட்டு அம்பத்தூர்லேர்ந்து வந்து நின்னியே மாப்ளே, பத்து வருஷமா பாக்கி நிக்கிற சீரைத்தான் உன் மாமனார் குடுத்தனுப்பிச்சுட்டாரோன்னு நினைச்சேன். ரெண்டு ஆளு புடிச்சு இறக்கினப்புறம் பாத்தா, பாதியா அறுத்த நீல ட்ரம்மு. அதுக்கு நடுவுல முழ உசரத்துக்கு ஒரு குண்டுமல்லி, கல்யாண மண்டபத்துல ஒத்தையாளா பந்தியில குந்தினவனாட்டம் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு இருந்துது.

காவடிக்கு வீட்டுப் பூவே வேணும்னு ஆசைப்பட்டியாம். நல்ல ஆசைதான். ஆடிக் கிருத்திகைன்னா தணிகை மலைக்குப் பூக்காவடிதானே பேரு. ஆந்திராவுலேர்ந்தும் இங்கேர்ந்தும் அரோகரா சத்தம் மலையைத் தூக்குது. ஆனா, செடியில மொக்கு கண்ட வாரமாப் பாத்து அதைப் பிடுங்கி ட்ரம்முக்கு மாத்தினே பாரு, அங்கதான் உன் படிப்பு தெரிஞ்சுது. நிறைமாசக்காரியை யாராச்சும் வீடு காலி பண்ணச் சொல்வானா? பூக்கிற நேரத்துல செடி தன் சக்தியெல்லாம் மொக்குல வச்சிருக்கும். அப்போ வேரை உலுக்கினா, தண்ணி இழுக்கிற நுனி வேரெல்லாம் அறுந்து போவும். இருக்கிற உசுரைக் காப்பாத்திக்க, முதல்ல மொக்கைத்தான் அது உதுத்துப் போடும். உன் காவடிக்குக் கிடைச்சது எத்தனை? ஏழு பூ. அதுல ரெண்டு அழுகல். மிச்சத்தை சந்நிதித் தெருவுல முழம் போட்டு வாங்கினே, நானும் கூட நின்னேன்.

அடுத்தது ட்ரம்மு. பாசம்னா பெரிசா இருக்கணும்னு உனக்கு யாரு சொன்னா? ஆறு அங்குலத் தொட்டியில இருந்த செடிக்கு எட்டு அங்குலம் போதும். ரெண்டு அங்குலம், அதுக்கு மேல கிடையாது. இவ்ளோ மண்ணுல நீ ஊத்தின தண்ணியைக் குடிக்க அந்த வேருக்கு வயிறு எங்க இருக்கு? குடிக்காத தண்ணி அடியில நின்னு ஊறும். வேருக்கும் மூச்சு வேணும் மாப்ளே, ஈரம் நின்னா காத்து போவாது. நான் அடி மண்ணைக் கிளறினப்ப ஒரு நாத்தம் வந்துதே, நீகூட மூக்கைப் பொத்திக்கிட்டு உங்க தெருச் சாக்கடை ஞாபகம் வருதுன்னியே, அதுதான் வேரழுகல். தொட்டா பழுப்பா, வழவழன்னு, தோலு கழண்டு கையோட வந்துச்சு. நல்ல வேரு வெள்ளையா விறைப்பா நிக்கும். அழுகினதைக் கத்தரியால நறுக்கிட்டு, உன் பழைய தொட்டிக்கே அதைக் குடியேத்தி, வேப்பமர நிழல்ல வச்சேன். வேரு அழுகினா மட்டும் நாளு கிழமை பாக்கக்கூடாது, உடனே மாத்திடணும். மத்த எல்லாத்துக்கும் காலம் இருக்கு.

அடியில ஜல்லியைக் கொட்டினா தண்ணி வடிஞ்சுடும்னு நீ சொன்னதுக்கு நான் சிரிக்கல. ஏன்னா நானும் நாப்பது வருஷம் கொட்டினவன். ஈரச் சாக்கை ஜல்லி மேல போட்டுப் பாரு, அது பாட்டுக்கு ஈரத்தைப் புடிச்சுக்கிட்டேதான் கிடக்கும். தொட்டி மண்ணும் அப்படித்தான், ஜல்லிக்கு மேல ஈரம் தங்கிப் போவும். மண்ணு ஓடாம இருக்க ஓட்டை மேல ஒரு ஓட்டுச் சில்லு போதும். ஓட்டையே இல்லாத பளபளத் தொட்டியை உன் பொண்டாட்டி ஆன்லைன்ல வாங்கி வச்சிருக்காளே, அதுல செடி வைக்காம அரிசி கொட்டி வையி.

சரி, எப்ப மாத்தணும்? அடி ஓட்டையில வேரு எட்டிப் பாக்கும். ஊத்தின தண்ணி நிக்காம அடுத்த நொடியே கீழ ஓடிடும். காலையில ஊத்தினாலும் சாயங்காலம் தலை தொங்கும். அப்போ தொட்டியில மண்ணை விட வேருதான் ஜாஸ்தின்னு அர்த்தம். உடனே பாய்ஞ்சுடாதே. அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊரு வெயிலு வேலூரோட போட்டி போட்டுக்கிட்டு நியூஸ்ல வரும், அப்போ மனுசனே இடம் மாற மாட்டான். மல்லிக்குக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க நவம்பர் கடைசி வாரம் கவாத்து பண்ணச் சொல்றாங்க, தரையிலேர்ந்து 50 சென்டிமீட்டர் விட்டு. செடி தூங்கற காலம் அது. கவாத்தும் தொட்டி மாத்தறதும் ஒரே கையோட முடிஞ்சுடும்.

மாத்தறதுக்கு முந்தின நாளே தண்ணி ஊத்தி வையி. மறுநாள் வெயில் இறங்கினதும் தொட்டியைச் சுத்தி உள்ளங்கையால நாலு தட்டு. தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல புடிச்சுக் கவுத்து, விளிம்பைப் படிக்கட்டு ஓரத்துல ஒரு இடி இடி. தண்டைப் புடிச்சு இழுக்காதே, அது உன் சட்டைக் காலர் இல்ல. மண்ணும் வேருமா தொட்டி அச்சுலயே வந்து நிக்கும், இடியாப்பத்தட்டைக் கவுத்தாப்பல. அடியில சுருண்டு சுத்தினதை மட்டும் விரலால பிரிச்சுவிடு, தடிச்சுச் சுத்தினதை வெட்டு, நடு மண்ணைத் தொடாதே. செம்மண்ணு, மணலு, மக்கின தொழு உரம் மூணும் சரிபங்கு. முன்ன எந்த மட்டத்துல இருந்துதோ அதே மட்டம். தண்டைப் புதைச்சா அழுகும். ஒரு வாரம் நிழலு, ஒரு மாசம் உரமே கிடையாது. ஆபரேஷன் ஆனவனுக்கு மறுநாளே பிரியாணி போடுவியா?

மண்ணோட மாத்தறது எப்படின்னு சந்தேகமா இருந்தா நம்ம தணிகை ஊரையே பாரு. இதையும் ஒருதரம் தொட்டி மாத்தினவங்கதான். ம.பொ.சி. தமிழ்நாட்டு வடக்கெல்லைக்குப் போராடினாரு, எல்லைத் தகராறுக்குப் படாஸ்கர் தீர்ப்பு சொன்னாரு, 1959-ல சட்டம் வந்துது, 1960 ஏப்ரல் 1-ந் தேதி ஆந்திரா சித்தூர் ஜில்லாவுலேர்ந்து செங்கல்பட்டு ஜில்லாவுக்கு வந்தோம். அப்போ நான் அரை டவுசர். வேரை யாரும் உதறல. அதனாலதான் இன்னிக்கும் உங்க அத்தை தமிழ்ல சமைச்சுட்டுத் தெலுங்குல திட்டறா.

எல்லாச் செடிக்கும் ஒரே சட்டம்னும் கிளம்பிடாதே. எதிர்வீட்டு டீச்சரம்மா ‘பிரம்ம கமலம்’னு ஒண்ணு வச்சிருக்காங்க, ராத்திரி பூத்து விடிஞ்சா வாடிப்போவும். அது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி, அசல் பிரம்ம கமலம் இமயமலையில இருக்கு. அந்தக் கள்ளிக்குத் தொட்டியில வேரு நெருக்கமா இருந்தா நல்லாப் பூ வரும். மூணு நாலு வருஷத்துக்கு ஒருதரம் மாத்தினா தாராளம். டீச்சரம்மா வருஷா வருஷம் மாத்திட்டு, பூக்கலைன்னு தினம் மலைக்கே கேக்கற மாதிரி முறையிடறாங்க. நான் சொல்லலாம்னு பாத்தேன். வர்றப்பல்லாம் நல்ல காபி குடுக்கறாங்க, அதான் சொல்லல.

இந்திரன் தணிகைமலைச் சுனையில நீலோற்பலத்தை நட்டு, காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு பூப்பறிச்சு முருகனுக்குப் போட்டான்னு புராணம் சொல்லுது. அவன் நட்ட இடத்துலயே விட்டுட்டான். அதுக்கே ஒரு நாளைக்கு மூணு பூதான்.

உன் மல்லி இப்போ துளிர் விட்டிருக்கு, நாலு இலை புதுசு. கார்த்திகை தீபம் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை வா, மாத்திடலாம். வர்றப்ப எட்டு அங்குல மண்தொட்டி ஒண்ணு வாங்கிட்டு வா, ஓட்டை இருக்கான்னு விரலை விட்டுப் பாத்து வாங்கு. அந்த நீல ட்ரம்மை மட்டும் திருப்பிக் கேக்காதே, உங்க அத்தை கழுவித் தண்ணி புடிச்சு வச்சுட்டா.