நேத்தும் பானிபட்தானா?

எங்கள் வீட்டில் ‘சப்போர்ட்’ என்பது வசவு. அம்மா அக்காவை அடிக்க வரும்போது நான் நடுவில் புகுந்தால், “என்னடா, சப்போர்ட்டுக்கு வர்றியா?” என்று எனக்கும் ஒன்று விழும். அப்படி வளர்ந்தவனைத்தான் போன மாதம் சென்னை பள்ளிக்கரணையில் அடுக்ககம் ஒன்றில் கூப்பிட்டு, பிள்ளைகள் வளர்ப்பில் ஃபேமிலி சப்போர்ட் பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். ஏசி ஹால், பொன்னாடை, காலர் மைக். இதே ஊர்க் குடிசையிலிருந்து போய் வங்கி மேலாளர் ஆனவன் என்றால் கூட்டத்துக்கு ஒரு எடுப்புதானே.

அந்த ஹால் நிற்கிற பக்கமெல்லாம் என் ஆயா முழங்கால் தண்ணீரில் நின்று கோரை அறுத்த இடம். அன்றைக்குக் கழுவெளிக்காரர்கள், அதாவது சதுப்புக்காரர்கள் என்றால் சொந்தக்காரர்களே மூக்கைப் பொத்துவார்கள். பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகை வேறு. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறிய அதே சேறு, இன்று பால்கனிக்காரர்களுக்கு ‘வியூ’. 2015 டிசம்பரில் அந்த வியூ தரைத்தளம் வரைக்கும் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனதை விளம்பரத்தில் போடுவதில்லை.

அப்பா லாரியில் லோடுமேன். கூலி வாங்கிய அன்றைக்கு ராஜா, மறுநாள் கூஜா. அவரைப் பற்றி இவ்வளவு போதும்.

அம்மா வேளச்சேரியில் நான்கு வீடு பார்த்தாள். எழுத்து தெரியாது. ஆனால் பையன் படிக்கிறானா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது: சத்தம். ராத்திரி அடுப்படியில் இருந்தபடியே காதை இந்தப் பக்கம் வைத்திருப்பாள். சத்தம் நின்றால் கரண்டி பறந்து வரும். மனதுக்குள் படிப்பது என்ற ஏமாற்று வேலையெல்லாம் அவளிடம் செல்லாது. நானும் விவரமானவன். எட்டாம் வகுப்பு வரலாற்றில் எனக்கு மனப்பாடமான பக்கம் ஒன்று இருந்தது. தினமும் அதையே ராகம் போட்டு இழுத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். அம்மாவுக்குப் பரம திருப்தி.

குடிசைக்கு அரசாங்கம் கொடுத்த ஒற்றைப் பல்பு. அதன் நேர்க்கீழே நான். வெளிச்சம் மங்குகிற ஓரத்தில் அக்கா, மடியில் ஈரத்துணியும் மல்லியுமாகப் பூ கட்டிக்கொண்டிருப்பாள். முழத்துக்கு இவ்வளவு என்று கூலி. விரல் பாட்டுக்கு ஓடும், நிமிர மாட்டாள். ஒருநாள் நாரைப் பல்லால் கடித்து இழுத்தபடி மெதுவாகக் கேட்டாள்: “ஏன்டா, நேத்தும் பானிபட்தானா?”

அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் பக்கத்தைத் திருப்ப ஆரம்பித்தேன். பயம்தான், வேறென்ன.

அக்கா எட்டோடு நின்றவள். என்னைவிட நன்றாகப் படித்தவள் என்று அவள் டீச்சரே வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அது 1989. எட்டாவது படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் தரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம் அப்போதுதான் வந்திருந்தது. பெண்ணை எட்டாவது வரைக்குமாவது படிக்கவைக்கட்டும் என்று அரசாங்கம் நினைத்தது. அம்மாவுக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது: எட்டு போதும். “அதான் அஞ்சாயிரம் வருதே, அதுக்கு மேல எதுக்கு?” ஆளைத் தூக்கிவிடப் போட்ட படியில் ஆளை உட்காரவைத்துவிட்டோம். தம்பி தொடர்ந்து படிக்க யாராவது ஒருத்தர் வீட்டில் நின்றாக வேண்டியிருந்தது என்பது நிஜக் காரணம். அது யார் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கக்கூட இல்லை. நான் உட்பட.

பதினெட்டு முடிந்ததும் அக்கா தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். என் பி.காம். ஃபீஸ், 51ஆம் நம்பர் பஸ் சீசன், முதல் பேன்ட் எல்லாம் அந்த மெஷினில் இருந்து வந்தவை. இன்று அவள் சின்ன மகள் கல்லூரியில் படிக்கிறாள். அதே அம்மையார் பெயரில்தான் புதுமைப் பெண் திட்டமும் இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் மகள் கணக்கில் ஏறுகிறது. மெசேஜ் வந்ததும் அக்காவிடம் காட்டுவாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தடவையும் முழுசாகப் படிப்பாள்.

வீடு மட்டும் குடும்பம் இல்லை, தெருவே குடும்பம். மேடவாக்கம் கூட்ரோட்டில் சிகரெட்டோடு நின்றால், நான் வீடு சேர்வதற்குள் சேதி குழாயடி தாண்டிப் போயிருக்கும். பெற்ற ஆயா ஒன்று, பெறாத ஆயா ஆறு. அன்றைக்கு அந்தக் கிழவிகள்மேல் எனக்கு வந்த ஆத்திரம்! அடுக்ககத்தில் இப்போது கேட்டுக்குக் கேட் கேமரா இருக்கிறது. பையன் எத்தனை மணிக்கு வந்தான் என்று சொல்லும். சாப்பிட்டானா என்று கேட்காது.

அங்கே பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் வீடு பெரும்பாக்கத்தில். ஆற்றங்கரையில் இருந்தவர்களை அப்புறப்படுத்தி, ஏழெட்டு மாடிக் குடியிருப்புகளில் கொண்டுவந்து வைத்தார்களே, அங்கே. சிமென்ட் கூரை, தனிக் கழிப்பறை, எல்லாம் உண்டு. ஆயா மட்டும் பழைய ஏரியாவில் சின்ன மகனோடு நின்றுவிட்டார். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பூட்டைத் திறப்பதும் அவனே, கேட்பாரற்று இருப்பதும் அவனே. கழிப்பறை, லிஃப்ட் எல்லாவற்றையும் கணக்குப் பண்ணியவர்கள் கிழவிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கூட்டத்தில் இதெல்லாம் பேசினேனா என்றால், இல்லை. ஸ்லைடு போட்டேன். எம்மி வெர்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமையும் குடும்பச் சண்டையும் சூழ வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு நன்றாகவே தேறினார்கள். அவர்களில் பலருக்கும் நிலையாகத் துணைநின்றவர் ஒருவராவது இருந்தார்; பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. “ஒரு ஆள் போதும்!” என்று விரலை உயர்த்தினேன். நல்ல கைதட்டல். அந்த ஒரு ஆள் மூன்றாவது வரிசையில், கொடுத்த சமோசாவைப் பேரனுக்கென்று டிஷ்யூவில் மடித்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவைச் சொல்லி, “பாருங்க சார், எல்லாம் வில் பவர்” என்றார். நானும் தலையாட்டினேன். அந்தப் பெண்ணைத் தினமும் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வரும்வரை கண் வைத்திருந்தவர்கள் யார் யாரோ? அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நன்றியுரையில் என் பெற்றோரின் தியாகத்தைப் புகழ்ந்தார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

திரும்பும்போது வேளச்சேரி சாலையில் டிராஃபிக் நின்றுவிட்டது. இருட்டில் சதுப்பு நிலம். அக்கா ரொம்ப நேரம் பேசாமல் வந்தாள்.

“முதல் பானிபட் எந்த வருஷம்டா?”

“1526.”

“ரெண்டாவது?”

“1556.”

“மூணாவது?”

யோசித்தேன். அந்தப் பக்கத்தைத்தானே தினமும் கத்தினேன்? நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை. பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான்.

“1761” என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. “சிக்னல் விழுந்துடுச்சு, வண்டிய எடு.”