குசினி இல்லாத கணக்கு

வீட்டுப் பொருட்களுக்குக் காப்புறுதி எடுப்பவர்கள் முதலில் பொருட்களை எண்ணுவார்கள், பிறகு விலை போடுவார்கள், கடைசியில்தான் கட்டுப்பணம் எவ்வளவு என்று கேட்பார்கள். நான் கட்டுப்பணத்திலிருந்து தொடங்கினேன். வருடத்துக்கு எவ்வளவு கொடுத்தால் கையைக் கடிக்காது என்று சொன்னேன். அந்தக் காசுக்குப் பத்து இலட்சம் வரை எடுக்கலாம் என்றார் முகவர். "அப்ப எங்கட வீட்டுச் சாமான் பத்து இலட்சம்தான் தம்பி" என்று முடித்துவிட்டேன். கற்பிட்டியில் வெங்காயம் வாங்க வருகிறவர்கூட மூட்டையை நிறுக்காமல் இப்படி விலை பேசமாட்டார்.

இனிப் பத்து இலட்சத்துக்குப் பொருந்தும்படி பட்டியல் வேண்டுமே. ஹோலில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே எழுதினேன். கண்ணுக்குப் பட்டதெல்லாம் வந்தது: டீவி, சோபா, பேன், பிறிஜ், என் புத்தக அலுமாரி. புத்தகங்களுக்கு மட்டும் மூன்று இலட்சம். பழைய பேப்பர் எடுப்பவர் அவற்றுக்கு என்ன மதிப்புக் கொடுப்பார் என்பதை நான் யோசிக்கவில்லை. குசினிக்கு ஒரே வரி: 'சமையல் பாத்திரங்கள், 15,000 ரூபாய்.'

மனைவி அதை வாசித்தாள். "இந்த ஊட்டுல ஆரு சமைக்கிற?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குசினி அலுமாரியைத் திறந்தாள். காஸ் அடுப்பு, சிலிண்டர்கள், ரைஸ் குக்கர், கிரைண்டர், விருந்துக்கு எடுக்கும் சஹன்கள், வட்டிலப்பம் அவிக்கிற சட்டி. அங்கிருந்து படுக்கையறைக்குப் போனாள்: மெத்தை, தலையணை, யன்னல் சீலை, ஐந்து பேருடைய உடுப்பு. ஒவ்வொன்றையும் இன்றைக்குப் புத்தளம் கடைத்தெருவில் வாங்கினால் என்ன விலை என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாதி வழியிலேயே பத்து இலட்சம் முடிந்துவிட்டது. புத்தகங்களை அவள் 60,000 ரூபாய்க்கு இறக்கினாள். அதுவும் கருணைத் தொகை.

விலையிலும் கோட்டை விட்டிருந்தேன். பிறிஜுக்கு நான் போட்டது 2019இல் வாங்கிய விலை. பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்ற பெருமை வேறு! 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டதை நாடே அறியும். அதற்கு முந்திய எந்தப் பில்லும் இப்போது சரித்திர ஆவணம்தான். பழையதற்குப் பதில் புதியது தருவதாகப் பத்திரம் சொன்னால், தொகையை இன்றைய கடைவிலையில் போட வேண்டும். தேய்மானம் கழித்துத் தருவதாகச் சொன்னால் கைக்கு வருவது குறையும். என்னுடையது இதில் எந்த வகை என்று நான் கேட்கவே இல்லை.

நகை என்ற இடத்தில் மனைவியின் காப்பை எழுதியிருந்தேன். "அது வங்கியில அடகுல கிடக்கு. போன போகத்து வெங்காயத்துக்கு நீங்கதான் வெச்சீங்க" என்றாள். விறாந்தையில் மச்சான் கொண்டுவந்து வைத்திருக்கும் அவுட்போட் இஞ்சினையும் சேர்த்திருந்தேன், இந்த வீட்டிலேயே விலை கூடியது அதுதான் என்பதால். அது தொழிற்சாமான், வீட்டுப் பொருட் பத்திரத்துக்குள் வராது என்றார் முகவர். முகட்டில் தொங்கும் வெங்காயத்துக்கும் அதே பதில். களப்புப் பக்கத்து உப்புக்காற்று தின்ற பிறிஜின் அடித்தகட்டுக்காவது ஏதும் தேறுமா என்று கேட்டுப் பார்த்தேன். "துருப்பிடிக்கிறது விபத்தில்ல சேர்" என்றார்.

குறைத்துப் போட்டால் என்ன, நடந்த நட்டம் பத்து இலட்சத்துக்குள் இருந்தால் முழுதாகக் கிடைக்குமே என்பதுதான் என் உள்மனக் கணக்கு. முகவர் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டினார். வீட்டில் 20 இலட்சத்துக்குப் பொருள் இருக்க, 10 இலட்சத்துக்குக் காப்புறுதி எடுத்தால், பாதி ஆபத்தை நானே சுமப்பதாக அர்த்தம். நான்கு இலட்சம் நட்டம் வந்தால் இரண்டு இலட்சம்தான் கிடைக்கும். இந்த விகிதாசார விதி பத்திரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. என் மூக்குக்கண்ணாடியோ பட்டியலில்கூட இல்லை.

வெள்ளம் வந்தால் அரசாங்கம் தரும்தானே என்று கடைசிச் சாக்கையும் எடுத்துவிட்டேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு தெதுறு ஓயா பெருகிச் சிலாபத்தில் வீடுகளுக்குள் புகுந்தது. வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபாயும், வீட்டுப் பொருட்களுக்கு 50,000 ரூபாயும் அரசு அறிவித்தது. மனைவியின் பட்டியலில் 75,000 ரூபாய் குசினி வாசலைக்கூடத் தாண்டவில்லை. போதாதென்று, வெறும் தீக்காப்புறுதியில் புயலும் வெள்ளமும் தானாக வராது, கேட்டுச் சேர்க்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு லாத்தா, 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றிய வடக்கு முஸ்லிம்களில் ஒருவர். மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர். விட்டுவந்த வீட்டில் எந்த மூலையில் எந்தக் குடம் இருந்தது என்று இன்றும் வரிசையாகச் சொல்வார். யுத்தத்தால் வரும் இழப்பை வீட்டுக் காப்புறுதி ஏற்பதில்லை, அது வேறு கதை. நான் இருக்கிற வீட்டுக்குள் இருந்துகொண்டே தடுமாறியவன்.

ஆகவே, காப்புறுதி எடுக்க நினைப்பவர்களே, கதிரையை விட்டு எழும்புங்கள். அறை அறையாகப் போய், அலுமாரிக் கதவுகளைத் திறந்து, போனில் படம்பிடித்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். நாளைக்கே எல்லாவற்றையும் திரும்ப வாங்க எவ்வளவு வேண்டுமோ, அதுதான் உங்கள் தொகை. வருடாவருடம் அதைத் திருத்துங்கள். வெள்ளம் சேர்ந்திருக்கிறதா, நகைக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்னரே கேளுங்கள். எண்ணுகிற வேலையை மட்டும் வீட்டில் சமைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.