சுவரேறிய பூத்தையல்: கண்ணாடி போடுதல் குறித்து ஓர் ஆய்வு

வீட்டில் போடும் எம்ப்ராய்டரிக்கு இரண்டு விதமான ஆயுள் உண்டு. தலையணை உறையிலும் கைக்குட்டையிலும் போட்ட பூ, சலவைக் கல்லில் அடிபட்டுச் சாயம் போய்க் கடைசியில் சைக்கிள் துடைக்கப் போய்ச் சேருகிறது. அதே கை, அதே நூலில், அதே கோடை விடுமுறையில் போட்ட இன்னொரு பூவுக்கு நாலு பக்கச் சட்டமும் முன்னால் ஒரு கண்ணாடியும் வாய்த்துவிட்டால், அது வீட்டுக்காரர்களையே வழியனுப்பிவிட்டு இருந்த இடத்தில் இருக்கிறது. கண்ணாடி தூசியிலிருந்து காக்கிறது என்பது இதற்குச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். இவ்வாய்வு அதை ஏற்கவில்லை. தூசியால் செத்த எம்ப்ராய்டரி என்று ஒன்றை இவ்வாய்வாளன் கண்டதில்லை. வீட்டாரால் செத்தவை ஏராளம். கண்ணாடி காப்பது வீட்டாரிடமிருந்துதான்.

எளிய சான்று ஒன்று போதும். மேட்டித் துணியில் போட்ட கிளி ஜோடியைப் பழைய துணி மூட்டையோடு கட்டிப் பாத்திரக்காரனுக்குப் போட எவரும் தயங்குவதில்லை. அதே கிளிகளுக்குக் கண்ணாடி போட்ட மறுநாள் முதல் நிலைமை வேறு. வீடு மாறும்போது பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்து எடுத்துப் போவார்கள். புது வீட்டில் இடமில்லை என்றால் பரணுக்குப் போகும், குப்பைக்குப் போகாது. காரணம் வெளிப்படை. நம் ஊரில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் சாமிகளும் காலமான பெரியவர்களும். அந்த வரிசையில் வந்து நின்ற கிளிக்கும் பாதி மரியாதை ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. உடைந்த சாமி படத்தை அரச மரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டு வர ஒரு வழக்கம் இருக்கிறது. கிளிக்கு அந்த வசதியும் கிடையாது.

ஊசி வேலையைச் சுவரில் ஏற்றும் பழக்கம் ஊசி அளவுக்குப் பழையதன்று. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் என்பவர் பெயரோடு 1598 என்று ஆண்டு தைத்த துணி ஒன்று இருக்கிறது. ஆண்டு குறித்த ஆங்கிலேய மாதிரித் துணிகளில் அதுவே மூத்தது என்பார்கள். அந்தக் காலத்தில் இத்தகைய துணிகளுக்குச் சட்டம் கிடையாது. சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஒரு தையல் மறந்துபோனால் விரித்துப் பார்த்துக்கொள்வார்கள். 18ஆம் நூற்றாண்டு வாக்கில் இது பள்ளிச் சிறுமிகளின் பயிற்சியானது. அகரவரிசை, எண்கள், ஒரு வீடு, இரண்டு மரம், கீழே தைத்தவள் பெயரும் வயதும். அப்போதுதான் துணி சுவருக்கு ஏறியது. பயன்பட்ட வரை சுருட்டி வைத்தார்கள், பயன் தீர்ந்ததும் மாட்டினார்கள் என்று இதைச் சுருக்கலாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் புகைப்படத்தைப் பள்ளியில் மாட்டும் முறையும் இதே தத்துவத்தில்தான் நடக்கிறது.

நம் பக்கம் இந்தக் கல்வி மிஷன் வழியாகவும் வந்தது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா அங்கே பெண்களுக்கு ரேந்தைப் பின்னல், அதாவது லேஸ், கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் அதைப் பரப்பினார். கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். அந்தப் புத்தகம் எத்தனை வீடுகளில் இருந்தது என்று கேட்க வேண்டாம். ரேந்தை ஊர் ஊராகப் போனது. ஆனால் நாகர்கோவில் ரேந்தை விற்பனைக்கானது. அந்தக் காசில் அடிமைப் பெண்கள் சிலர் தங்களையே மீட்டுக்கொண்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. விலைபோகும் சரக்குக்கு யாரும் கண்ணாடி போடுவதில்லை. கண்ணாடி தேவைப்பட்டது அடுத்த கட்டத்துக்குத்தான்: பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பு, அதைத் தொடர்ந்து பெண் பார்க்கும் படலம்.

'இதெல்லாம் பொண்ணே போட்டது' என்ற வாக்கியம் நம் கூடங்களில் எத்தனை முறை உச்சரிக்கப்பட்டிருக்கும் என்பதை அளக்கக் கருவி இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியிலிருந்து கண்ணை உயர்த்தும் உயரத்தில் அந்தச் சட்டம் மாட்டப்பட்டிருக்கும். இதில் ஆய்வுக்குரிய கேள்வி வேறு. திருமணத்துக்குப் பிறகு அது யாருடையது? பீரோ போகிறது, கட்டில் போகிறது, வெள்ளிக் குத்துவிளக்கு போகிறது. சீர்வரிசைப் பட்டியலில் எம்ப்ராய்டரி இருப்பதில்லை. அது பிறந்த வீட்டிலேயே தங்கி, அடுத்த தங்கையைப் பார்க்க வருகிறவர்களிடமும் 'பொண்ணே போட்டது' என்றே அறிமுகமாகிறது. எந்தப் பெண் என்று யாரும் கேட்பதில்லை.

இனி கடைக்கு வருவோம். சென்னை தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகளும் பிரேம் கடைகளும் தோளோடு தோள் நிற்கின்றன. மற்ற ஊர்களில் கோயில் சந்நிதிக்குப் பக்கத்துத் தெருவில் ஒன்றாவது இருக்கும். சுவர் முழுக்க மோல்டிங் மாதிரிகள், எல்லாம் 'ட' எழுத்து மாதிரி ஒரு மூலை மட்டும். தரையில் கண்ணாடித் தூள், மரத்தூள். இந்தக் கடைக்காரர்தான் இந்நாட்டின் முதல் கலை விமர்சகர் என்பது இவ்வாய்வின் துணிபு. துணியை விரித்ததும் அவர் பார்ப்பது கலையை அல்ல, விளிம்பை.

"அண்ணே, கொக்கு நடுவுல வர்ற மாதிரி பாத்துக்குங்க."

"கொக்காம்மா இது? அன்னம்னு நெனச்சேன்."

"அன்னந்தான். என் நாத்தனார் கொக்குன்னு சொல்லிச் சொல்லி எனக்கும் அதே வாயில வருது."

"நடுவுல வரணும்னா இந்தப் பக்கம் ஒரு இஞ்ச் வெட்டணுமேம்மா. இங்க ஏதோ எழுதியிருக்கு?"

"அது என் பேரு. போனாப் போகட்டும். அன்னம் நேரா இருந்தாச் சரி."

ஜேன் பாஸ்டாக் இதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே. பெயர் வெட்டுப்படுகிறது அல்லது சட்டத்தின் காடிக்குள் கால் அங்குலம் புதைந்துபோகிறது. தமிழக எம்ப்ராய்டரிகளில் ஆசிரியர் பெயர் அரிதாகவே தெரிவதற்கு அடக்கத்தை விட ஆக்சா பிளேடுக்கே பங்கு அதிகம்.

கடையில் நடக்கும் இரண்டாவது சச்சரவு கணிதம் சார்ந்தது. படம் 12 அங்குலத்துக்கு 18 அங்குலம். சுற்றளவு 60 அங்குலம், அதாவது 5 அடி. வாடிக்கையாளர் இதை வீட்டிலேயே கூட்டிக்கொண்டு வருகிறார். கடைக்காரர் 2 அங்குல அகல மோல்டிங்கை எடுத்து, 'ஆறே கால் அடிக்கு மேல ஆவும் சார்' என்கிறார். ஏமாற்று என்று சந்தேகம் பிறக்கிறது. ஏமாற்று இல்லை. சட்டம் படத்துக்கு வெளியே சுற்றுவதால் ஒவ்வொரு பக்கமும் இரு முனையிலும் மோல்டிங் அகலம் அளவுக்கு நீள்கிறது. நாலு பக்கம், இரண்டு முனை, ஆக எட்டு அகலம். 60 உடன் 16 கூட்டினால் 76 அங்குலம், 6 அடி 4 அங்குலம். இதற்கு எட்டகலத் தேற்றம் என்று பெயரிடுகிறோம். மோல்டிங் எவ்வளவு பட்டையோ அதைப்போல் எட்டு மடங்கு நீளம் கூடும். 'பார்க்க கெத்தா இருக்கணும்' என்று சொல்லும் மாமனார்களுக்கு இத்தேற்றம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கற்பிக்கப்பட வேண்டும்.

மூலைக் கணக்கு இன்னும் கொடியது. ஒவ்வொரு முனையும் 45 பாகையில் வெட்டப்பட வேண்டும். மொத்தம் எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரைப் பாகை ஒரே பக்கம் பிசகினால், முதல் மூன்று மூலையும் இறுகச் சேர்ந்து நல்ல பிள்ளையாக இருக்கும். பிசகு முழுதும் சேர்ந்து நாலாவது மூலையில் 4 பாகை வாயைப் பிளக்கும். அதற்கு மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அடைத்து, தங்க நிறப் பெயின்ட் தொட்டுவைப்பார்கள். எந்த வீட்டுச் சட்டத்தையும் நெருங்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றையும் விடச் சற்று அதிகத் தங்கமாக இருக்கும்.

ஊசி வேலையைச் சட்டத்துக்குள் உட்கார வைப்பது புகைப்படத்தைப் போல் எளிதல்ல, ஏனென்றால் துணி தொய்யும். முறைப்படி, அமிலமற்ற கெட்டி அட்டை மேல் துணியை விரித்து, விளிம்புகளை முதுகுப் பக்கம் மடித்து, கயிற்றுக் கட்டில் பின்னுவதுபோல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உறுதியான நூலால் இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு நீளவாக்கிலும் அப்படியே. பின்னாளில் நூலை அறுத்தால் துணி பழுதில்லாமல் கழன்று வரும் என்பது இதன் பெருமை. நடைமுறையில் இதைச் செய்ய அரை நாள் ஆகும், பெவிகால் தடவ அரை நிமிடம். எனவே பெவிகால் வென்றது. காய்ந்த பிறகு அதிலிருந்து துணியைப் பிரிக்க நினைப்பவர்கள் அட்டையையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மைதாப் பசை மரபைச் சேர்ந்த பழைய கடைக்காரர்கள் பூச்சிக்காக அதில் மயில்துத்தம் கலந்தார்கள். கலக்காதவர்களின் சட்டங்களில் வெள்ளிப்பூச்சிக்கு மூன்று தலைமுறைச் சாப்பாடு.

அடுத்த விதி, கண்ணாடி துணியைத் தொடக் கூடாது. ஐப்பசி மழையில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். தொட்டுக்கொண்டிருக்கும் நூல் அந்த ஈரத்தைக் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். நடுவே ஒரு மெல்லிய ரீப்பர் வைத்து இடைவெளி விடுவதுதான் தீர்வு. இதை நம்மவர்கள் வேறொரு வழியில் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார்கள். 1894இல் மும்பையில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி படங்கள் வீடு வீடாக வந்தபோது, அச்சிட்ட புடவை போதாது என்று அதன்மேல் நிஜப் பட்டுத் துணி, சரிகை, சமிக்கி எல்லாம் ஒட்டியும் தைத்தும் அம்மனுக்கு உடுத்தி அழகு பார்த்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் அவற்றைக் காணலாம். கல் வைத்த ஒட்டியாணம் மேல் கண்ணாடியை அமுக்க முடியாதே. சட்டம் தானாக ஆழமானது. பூஞ்சைக்குப் பயந்து யாரும் ஆழப்படுத்தவில்லை, அம்பாளின் நகை நசுங்கக் கூடாது என்றுதான்.

மாட்டும் முறையில் நம் முன்னோர் காட்டிய அறிவியல் இன்னும் உரிய கவனம் பெறவில்லை. சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, ஒவ்வொரு பரப்பிலும் 4 வீதம். சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும் படத்தில் எதிர்ச்சுவர் டியூப் லைட்டும் பார்ப்பவர் முகமும்தான் தெரியும், அன்னம் பிறகு. பழைய வீடுகளில் படங்களை நிலைக்கு மேலே வரிசையாக, கீழே மரச்சட்டத்தில் ஊன்றி, மேலே கயிற்றில் இழுத்து, முன்பக்கம் குனிந்தாற்போல் மாட்டினார்கள். குனிந்த கண்ணாடி டியூப் லைட்டை விட்டுவிட்டுத் தரையைப் பிரதிபலிக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குப் படம் நேரே தெரியும். பெரியவர்கள் மேலிருந்து நம்மை முறைப்பதாக நாம் நினைத்ததெல்லாம் ஒளியியல்.

அந்தச் சாய்வால் படத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முக்கோண இடம் கிடைத்தது. கீழ்ப்பகுதியில் பல்லி, மேல்பகுதியில் சிட்டுக்குருவி. வைக்கோல் துணுக்கும் தேங்காய் நாரும் தாத்தா படத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இப்போது படங்கள் இரட்டைப் பக்க டேப்பில் சுவரோடு அப்பிக்கொண்டு நிற்கின்றன. குருவிகள் குறைந்ததற்குச் செல்போன் கோபுரத்தைக் குற்றம் சாட்டுகிறவர்கள் முதலில் தங்கள் கூடத்துச் சட்டத்தின் கோணத்தை அளந்துவிட்டு வரட்டும்.

கடைசியாக, காலம் கணிக்கும் முறை. எம்ப்ராய்டரியில் ஆண்டு இல்லாதபோது சட்டத்தின் முதுகைத் திறக்க வேண்டும். ஹார்டுபோர்டுக்கும் துணிக்கும் இடையே கெட்டிக்காக மடித்து வைத்த செய்தித்தாள் இருக்கும். அதன் தேதிக்கு முன்னால் அந்தச் சட்டம் மூடப்பட்டிருக்க முடியாது. கல்வெட்டு ஆய்வாளர்களுக்குக்கூட இத்தனை வசதி இல்லை. கல்வெட்டில் சினிமா விளம்பரம் இருப்பதில்லை.

இப்படித் திறக்கும்போதுதான் முக்கியமான கண்டுபிடிப்பு நேர்கிறது. சட்டம் ஒன்றே, படம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. புதுப் படம் கொண்டுவருகிறவரிடம் கடைக்காரர், 'பழசை உள்ளயே வெச்சிரவா சார், கெட்டியா இருக்கும்' என்று கேட்பார். தலையாட்டிவிடுவார்கள். விளைவு, மேலடுக்கில் மருமகனின் பட்டமளிப்புப் படம். அதன் கீழ் திருமண ஜோடி. அதற்கும் கீழ், கோவில்பட்டி கொண்டையராஜு பாணியில் சிவகாசியில் அச்சான காலண்டர் முருகன். அடியில் ஆங்கர் நூலில் போட்ட ரோஜாக் கொத்து. செய்தித்தாளின் அமிலம் துணியின் முதுகைப் பழுப்பாக்கியிருக்கும். முகத்தில் சிவப்பு சிவப்பாகவே, இலை பச்சையாகவே இருக்கும். வெளிச்சம் படவில்லை, கண்ணாடி தொடவில்லை, ஈரம் முதல் மூன்று பேரோடு நின்றுவிட்டது. வெயில் படும் சுவரில் தனியாகக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற எம்ப்ராய்டரிகளோ பெரும்பாலும் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டன.

ஆகவே, போட்ட பூ காலத்துக்கும் நிறம் மங்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டு வரும் வாடிக்கையாளர்களிடம், முன்னால் வைக்க ஒரு மருமகன் படமும் எடுத்துவரச் சொல்லும்படி பிரேம் கடைக்காரர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். அளவு 12க்கு 18 இருந்தால் நல்லது. மோல்டிங் 6 அடி 4 அங்குலம் ஆகும்.