மேனுவலைப் படிக்காதவர்கள் எழுதிய சரித்திரம்

எங்கள் குடும்பத்தின் முதல் எலெக்ட்ரானிக் இசைக் கலைஞர் என் பாட்டி. கடைசி வரைக்கும் அவருக்கு அது தெரியாது.

எண்பதுகளின் பிற்பகுதியில் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா, கோடாலித் தைலம், டார்ச் லைட் சகிதம் ஒரு கேசியோ எஸ்கே-1 கீபோர்டும் கொண்டுவந்தார். 32 குட்டிக் கட்டைகள், கூடவே ஒரு மைக். பையன் இதில் வர்ணம் பழகுவான் என்பது அப்பாவின் திட்டம். நான் பொத்தானை அமுக்கி மைக்கைப் பாட்டி பக்கம் நீட்டினேன். "ஏண்டா, சோறு திங்க வரலியா?" என்றார். அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி மொத்தமே 1.4 வினாடி. "ஏண்டா, சோறு" வரைக்கும் பதிந்தது. இடது கோடிக் கட்டையை அமுக்கினால் பாட்டி எமதர்மன். வலது கோடிக்குப் போனால் அணில். நான்கு கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால் ஒரு கல்யாணப் பந்தியே சோறு கேட்டது. வர்ணம் அன்றோடு சரி.

வளர்ந்த பிறகு படித்துப் பார்த்தால், எலெக்ட்ரானிக் இசையின் சரித்திரமே எங்கள் வீட்டுக் கதைதான். கம்பெனி ஒன்று நினைத்துப் பெட்டி செய்யும். வாங்கியவன் வேறொன்று செய்வான். உலகம் அதற்கு ஆடும்.

பாம்பிலிருந்து ஆரம்பிப்போம். 1947இல் பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்பவர் கிளாவியோலின் என்றொரு பெட்டியைச் செய்தார். தூக்கிக்கொண்டு போகலாம், பியானோவோடு மாட்டிக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். வயலின் மாதிரி, டிரம்பெட் மாதிரி ஒலிக்கும் என்பது செய்தவரின் நம்பிக்கை. அப்படியொரு பெட்டி பம்பாயில் இசைக் கலைஞர் கல்யாண்ஜியின் கையில் சிக்கியது. 1954இல் 'நாகின்' படம். இசை ஹேமந்த் குமார். அதில் மகுடியாக ஊதியது கல்யாண்ஜியின் கிளாவியோலின். அதற்குப் பிறகு இந்த நாட்டில் பேண்டு வாத்தியக்காரரானாலும் சரி, திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவானாலும் சரி, பாம்பு என்றால் அந்த ட்யூன்தான். பாம்புக்கோ வெளிக்காது கிடையாது. மகுடி அசைவதைப் பார்த்துத்தான் அது தலையை ஆட்டுகிறது. ஆக, ஊதியதும் மகுடி இல்லை, பாம்புக்கு அது தேவையும் இல்லை. ஆடியது நாம் மட்டும்தான்.

அதே ரகப் பெட்டியை வைத்து 1962இல் லண்டனில் இசைத் தயாரிப்பாளர் ஜோ மீக் 'டெல்ஸ்டார்' என்று செயற்கைக்கோளுக்கு ஒரு பாட்டு பண்ணினார். அது அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. இங்கே படமெடுத்த பெட்டி அங்கே பூமியைச் சுற்றியது.

அடுத்தது கேசியோ. அடிப்படையில் அவர்கள் கால்குலேட்டர் வியாபாரிகள். அந்தப் புத்தி எங்கே போகும்? விஎல்-1 என்று ஒன்று செய்தார்கள். கால்குலேட்டரும் அதுவே, சிந்தசைசரும் அதுவே. அதன் மெமரியில் எட்டு இலக்க எண் ஒன்றைப் போட்டால், ஒலி எப்படி எழ வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கும். மளிகைக் கடைப் பாக்கியைப் போட்டாலும் ஏதாவது ஒரு முனகல் கிடைக்கும். 1982இல் டிரியோ என்ற ஜெர்மன் குழு அதன் டொக்கு டொக்குத் தாளத்தை அப்படியே ஓடவிட்டு 'டா டா டா' என்று பாட, ஐரோப்பாவே தலையாட்டியது.

அதே கேசியோவில் 1980இல் வேலைக்குச் சேர்ந்தவர் ஒகுடா ஹிரோகோ. கல்லூரியில் ரெகே இசையைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். எம்டி-40 கீபோர்டுக்குத் தாளங்கள் போட்டுக் கொடு என்றார்கள், போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு பொத்தானுக்கு 'ராக்' என்று பெயர் வைத்தார்கள். 1985இல் ஜமைக்காவில் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் நோயல் டேவியும் அந்தப் பொத்தானை அமுக்கினார்கள். தயாரிப்பாளர் கிங் ஜாமி அதன் வேகத்தைக் குறைத்தார். 'ஸ்லெங் டெங்' என்ற பாட்டு பிறந்தது. ரெகே பித்துப் பிடித்த ஒரு ஜப்பானியப் பெண் 'ராக்' என்ற முகமூடி போட்டு அனுப்பியதை ரெகேயின் ஊர் முதல் பார்வையிலேயே அடையாளம் கண்டுகொண்டது. இனம் இனத்தோடு சேரும்.

இந்தப் புராணத்தின் கதாநாயகன் இனிமேல்தான் வருகிறான்: ரோலண்ட் கம்பெனியின் டிபி-303.

டிபி என்றால் டிரான்சிஸ்டர் பேஸ். வடிவமைத்தவர் கிகுமோதோ தடாவ். தனியாக கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாக ஒரு பேஸ் கிட்டார்காரரைப் பெட்டியில் அடைப்பதுதான் யோசனை. நல்ல யோசனை. நிஜ பேஸ் கிட்டார்காரர் லேட்டாக வருவார், டீ கேட்பார், பிரியாணி கேட்பார், கடைசியில் சம்பளமும் கேட்பார். பெட்டிக்கு நான்கு பேட்டரி போதும்.

சிக்கல் இரண்டு. முதலாவது, அதற்குப் பாடம் சொல்லித்தரும் முறை. எந்தெந்தச் சுரம் என்பதை முதல் சுற்றில் வரிசையாக ஒப்பிக்க வேண்டும். எது எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை இரண்டாவது சுற்றில் தனியாகச் சொல்ல வேண்டும். சரிகமபதநியை இன்று சொல்லிவிட்டு ஆதி தாளத்தை நாளைத் தபாலில் அனுப்புவது மாதிரி. பேட்டரி தீர்ந்துபோனால் கற்றதெல்லாம் குழம்பி, தானே ஏதோ உளற ஆரம்பிக்கும். இரண்டாவது சிக்கல், அது பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை. ஈர ரப்பர் செருப்பை மொசைக் தரையில் இழுத்தால் வருமே, அந்த மாதிரி. சுமார் 10,000 பெட்டிகளோடு 1984இல் கடையைக் கட்டினார்கள். வாங்கியவர்களும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

சிகாகோவில் ஸ்பாங்கி என்ற இளைஞர் பழைய பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். கூட்டாளிகள் டிஜே பியர், ஹெர்ப் ஜே. குழுவின் பெயர் ஃபியூச்சர். பெட்டியை எப்படிப் பழக்குவது என்று மூவருக்கும் தெரியாது. அது பாட்டுக்கு எதையோ திரும்பத் திரும்ப உளறிக்கொண்டிருக்க, பியர் அதன் குமிழ்களைத் திருகினார். ஒருமுறை சரியாக வைத்துவிட்டுத் தொடாமல் விடவேண்டிய குமிழ்கள் அவை. ஒன்று ஒலியின் கூர்மையை அறுக்கும். மற்றொன்று அறுத்த இடத்தில் விசிலடிக்கும். ஓடும்போதே திருகினால் பெட்டி அழுதது, கொப்பளித்தது, கொட்டாவி விட்டது. எந்த பேஸ் கிட்டார்காரராலும் முடியாத வேலை.

பதிவு செய்த டேப்பை மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். அவர் போட்டார், ஆடிக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். நம்ம ஊர்க் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்குப் போவார்களே, அப்படி. ஹார்டி அசரவில்லை. அதே இரவில் மறுபடி போட்டார். மறுபடியும். நான்காவது முறை கூட்டத்துக்குப் பேய் பிடித்தது. பதினோரு நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்த உளறல் 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று ரெக்கார்டாக வந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற இசை வகைக்கே அது பிள்ளையார் சுழி.

இந்த இடத்தில் நம்மவர் ஒருவர் கையைத் தூக்குகிறார். சரண்ஜித் சிங், பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்தவர். 1982இலேயே இதே 303ஐயும், 808 என்ற டிரம் பெட்டியையும், ஜூப்பிட்டர்-8 சிந்தசைசரையும் இணைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அவருடைய பூபாலி நம்ம மோகனம். மால்கௌன்ஸ் நம்ம இந்தோளம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும் வசதி 303இல் உண்டு. கிட்டாருக்காக வைத்த அந்த வழுக்கலில் ராகம் சொகுசாக உட்கார்ந்துகொண்டது. ரெக்கார்டு மட்டும் விற்கவில்லை. சாஸ்திரிய ரசிகருக்கு அது டிஸ்கோ, டிஸ்கோ ரசிகருக்கு அது சாஸ்திரியம். டச்சுக்காரர் ஒருவர் அதைத் தேடிப்பிடித்து 2010இல் மறுபடி வெளியிட்டார். சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முன்னாடியே ஒருத்தர் இதைப் பண்ணிவிட்டாரே என்று உலகம் வாயைப் பிளந்தது. எழுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் ஏறி வாசித்துவிட்டு 2015இல் மறைந்தார்.

சாம்ப்ளர் கதையும் இதே ரகம். 1979இல் சிட்னியில் பிறந்த ஃபேர்லைட் எந்த ஒலியையும் விழுங்கிச் சுரமாக்கும். விலை மட்டும் வீடு வாங்குகிற விலை. சில வருஷங்களில் அந்த வித்தையின் ஏழைத் தம்பி எஸ்கே-1 உருவத்தில் எங்கள் பாட்டி வரைக்கும் வந்துவிட்டது. 2002இல் அமெரிக்காவின் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் மேட்லிப், பிரேசிலில் ஒரு ஹோட்டல் அறையில் பழைய ரெக்கார்டுகளையும், கையடக்க ரெக்கார்டு பிளேயரையும், பாஸ் எஸ்பி-303 என்ற சின்ன சாம்ப்ளரையும் பரப்பிவைத்து 'மேட்வில்லனி' ஆல்பத்தின் பெரும்பகுதி இசையைச் செய்து முடித்தார். மறுபடியும் 303. பாஸும் ரோலண்டின் பிள்ளைதான். அந்த எண்ணில் குடும்பத்துக்கு ஏதோ நேர்த்திக்கடன்.

இன்று பழைய டிபி-303 ஒன்றின் விலை லட்சங்களில். 2016இல் ரோலண்டே டிபி-03 என்று அதற்கு ஒரு நகல் விட்டது. பேஸ் கிட்டாருக்கு நகலாக இருக்கத் தெரியாமல் தோற்ற பெட்டிக்கு இப்போது நகல்! 2015இல் சுவீடனின் டீனேஜ் எஞ்சினியரிங் 'பாக்கெட் ஆபரேட்டர்' என்று உறைகூட இல்லாத குட்டிப் பெட்டிகளை விற்க ஆரம்பித்தது. பார்த்தால் அசல் கால்குலேட்டர். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கீபோர்டு கிடக்கும். இறக்குங்கள். பேட்டரி கசிந்திருந்தால் துடையுங்கள். உங்கள் பங்கு ஆசிட் அதுதான். மேனுவல் கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். மைக் இருந்து, வீட்டில் பாட்டியும் இருந்தால், முதலில் அவர் பக்கம் நீட்டுங்கள். என்னிடம் இப்போது பாட்டியும் இல்லை, அந்தப் பெட்டியும் இல்லை. 1.4 வினாடி சின்ன நேரம் இல்லை.